ஞாயிறு தூங்கினால் வாரத் தூக்கக் கடன் தீருமா?

இரவுப்பறவை: வார நாளில் 5 மணி நேரம்தான் தூக்கம். ஞாயிறு 10 மணி நேரம் தூங்கினால் சரியாகிவிடுமா?

அரைநிலா: அசதி குறையும், கணக்கு நேராகாது. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வரும்; அப்படி ஒரு சுழற்சி சுமார் 90 நிமிடம். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி நீளும். 5 மணி நேரத்தில் அலாரம் அடித்தால் பெரும்பாலும் வெட்டுப்படுவது கனவுத் தூக்கம்தான். மறுநாள் எரிச்சல், கவனச் சிதறல், போதாக்குறைக்கு கண்ட நேரத்தில் பசி.

கடிகாரமுள்: ஞாயிறு நெடுநேரம் தூங்கினால் அன்றிரவு தூக்கம் பிடிக்காது, திங்கள் பாழ். எழும் நேரத்தை 1 மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். படுக்கும் நேரத்தை 15 நிமிடம் 15 நிமிடமாக முன்னால் இழுங்கள், 7 மணி நேரம் சேரும்வரை.

அரைநிலா: மாலைக் காபியும் வேண்டாம். அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

சன்னல்: பலத்த குறட்டை, நடுவில் மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் டாக்டர்.