ராணுவ கேம்ப்கிரவுண்டில் ஆர்வி: ஊரிலிருந்து வந்த அத்தை மாமாவை உள்ளே விடுவார்களா? டேங்கை எங்கே காலி செய்வது?

டெக்சாஸ் மருமகள் கேட்டது:

வணக்கம். நாங்கள் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். என் கணவர் 2013இல் மாவ்னி திட்டத்தில் (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை எடுத்துக்கொள்ளும் திட்டம்) அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு. முழங்கால் போய் ஐந்தே வருடத்தில் வெளியே வந்துவிட்டார். ரிட்டயர்டு கிடையாது. ஆனால் விஏ, அதாவது முன்னாள் வீரர் நலத்துறை, பணியில் வந்த ஊனத்துக்காக அவருக்கு ஊனச் சதவீதம் கொடுத்திருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து அத்தையும் மாமாவும் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். நவம்பரில் ஐந்து நாளைக்கு 25 அடி ஆர்வி (படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து கேன்யன் லேக் போகலாம் என்று திட்டம். அங்கே சான் அன்டோனியோ கூட்டுத் தளம் நடத்தும் ராணுவப் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது, இவர் மாதிரி ஆட்களும் இப்போது தங்கலாம் என்று கேள்விப்பட்டோம். உண்மையா? இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தை மாமாவை கேட்டில் என்ன செய்வார்கள்?

அப்புறம் அந்த டேங்க் விஷயம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கழிவு டேங்க் காலியாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் காசு பிடிப்பார்களாம். இரண்டு நிமிட வீடியோ ஒன்றைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் இவர். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அங்கே தங்காமல், டேங்கைக் காலி செய்வதற்காக மட்டும் ராணுவ கேம்ப்புக்குள் போய்வர முடியுமா?

பழைய மாலுமி எழுதியது:

தங்கச்சி, நான் கடற்படையில் 20 வருடம் இருந்து ரிட்டயர் ஆனவன். எட்டு வருடமாக டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஃபேம்கேம்ப் ஃபேம்கேம்பாக (ராணுவத் தளங்களின் கேம்ப்கிரவுண்டுகள்) சுற்றுகிறேன். பென்சகோலா புளூ ஏஞ்சல் பார்க், லாஸ் வேகாஸில் நெல்லிஸ் தளம், டாம்பாவில் மெக்டில் எல்லாம் பார்த்தாயிற்று. கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர். உள்ளே போகலாம். 2020 ஜனவரி 1 முதல் விஏ ஊனச் சதவீதம் உள்ள முன்னாள் வீரர்கள், பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம்) வாங்கியவர்கள், போர்க் கைதியாக இருந்தவர்கள் எல்லாருக்கும் தளத்துக்குள் இருக்கும் கமிசரி (மளிகைக் கடை), எக்ஸ்சேஞ்ச் (மற்ற சாமான் கடை), கேம்ப்கிரவுண்ட் திறந்துவிட்டது. அதற்கு முன் ரிட்டயர்டு ஆட்களுக்கும் 100 சதவீதக்காரர்களுக்கும்தான். கையில் இருக்க வேண்டியது விஏ மருத்துவ அட்டை. படத்துக்குக் கீழே 'சர்வீஸ் கனெக்டட்' (பணியால் வந்த ஊனம்) என்று அச்சாகியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கேட்டில் நிற்கும் பையனுக்கு அது வெறும் ஆஸ்பத்திரி அட்டை. முதல் தடவை விசிட்டர் சென்டரில் அட்டையைப் பதிவு செய்துகொண்டால் அடுத்த தடவை வேலை சுலபம். இன்னொன்று: அந்த அட்டை அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பால் வாங்க நீங்கள் தனியாகக் காரில் வெளியே போனால் திரும்பி உள்ளே வர அவர் வேண்டும்.

வாடகை வண்டி பிரச்சினை இல்லை. லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் தாள் மூன்றையும் டாஷ்போர்டிலேயே வையுங்கள். துப்பாக்கி இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டெக்சாஸில் 2021இலிருந்து லைசென்ஸ் இல்லாமலேயே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கேட்டுக்கு வெளியேதான், உள்ளே மத்திய அரசு நிலம்.

இப்போது அத்தை மாமா. இங்கேதான் சிக்கல். அமெரிக்க லைசென்ஸ் வைத்திருக்கும் விருந்தாளி என்றால் விசிட்டர் சென்டரில் பாஸ் வாங்கி அழைத்துப் போய்விடலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் அப்படி இல்லை. பல தளங்களில் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு, பாஸ்போர்ட், விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு) நகல் எல்லாம் அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் கூட்டிப் போக முடியும். இடத்துக்கு இடம் வேறுபடும். பாதுகாப்பு நிலையை ஏற்றிவிட்டால் நேற்று இருந்த விதி இன்று இருக்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் அம்மாவையும் சித்தியையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தளத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நின்றேன். எந்தத் தளம் என்பது வேண்டாம். கேட்டில் இருந்தவன் சின்னப் பையன், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் வரலாம், இவர்கள் வர முடியாது" என்றான். விசிட்டர் சென்டர் திங்கட்கிழமைதான் திறக்கும். பின்னால் ஏழெட்டு வண்டி நிற்கிறது. 30 அடி டிரெய்லரை அந்தக் குறுகின பாதையில் திருப்ப இரண்டு காவலர்கள் வந்து கை காட்ட வேண்டியதாயிற்று. "இருபது வருஷம் வேலை பார்த்த இடத்துலயே உன்னை மதிக்கலையாடா" என்று சித்தி இன்றுவரை கேட்கிறாள்.

அதனால் கேன்யன் லேக் பூங்காவுக்கு இப்போதே போன் போட்டு "இந்திய பாஸ்போர்ட், விசிட்டர் விசா, இரண்டு பேர்" என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். 'என் பெற்றோர்' என்று மட்டும் சொன்னால் அமெரிக்கர் என்று நினைத்துக்கொண்டு சரி என்பார்கள்.

முடியாது என்றாலும் ஏரியை விட வேண்டாம். அதே ஏரியில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கேம்ப்கிரவுண்டும் இருக்கிறது, பாட்டர்ஸ் கிரீக் பார்க் என்று. அணையைக் கட்டியதே அவர்கள்தான். பெயரில் ராணுவம் இருந்தாலும் அது பொதுமக்களுக்கு, பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆர்வி இடங்கள் உண்டு, கழிவு டேங்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. உங்கள் வீட்டுக்காரரின் ஊனம் நிரந்தரமானது என்றால் மத்திய அரசுப் பூங்காக்களுக்கான 'ஆக்சஸ் பாஸ்' வாங்கிக்கொள்ளட்டும். விஏ கடிதத்தைக் காட்டி நேரில் வாங்கினால் இலவசம். பொறியாளர் படை இடங்களில் கேம்ப்பிங் கட்டணம் பாதி. முன்னாள் வீரர்களுக்கான ஆயுட்கால பாஸ் என்று வேறொன்று 2022இலிருந்து தருகிறார்கள். அதில் நுழைவு மட்டும்தான் இலவசம், கேம்ப்பிங்கில் பாதி கிடைக்காது. நிறையப் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி டேங்க். இரண்டு உண்டு. கழிவறையிலிருந்து போவது பிளாக், சிங்க்கும் ஷவரும் போவது கிரே. உங்கள் இடத்திலேயே கழிவுக் குழாய் இணைப்பு இருந்தாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கி வறட்டி மாதிரி காய்ந்துவிடும். வாடகை வண்டி என்றாலும் அந்தப் பாவம் வேண்டாம். முக்கால் பாகம் நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

கையுறை மாட்டுங்கள். வண்டிப் பக்கம் ஹோஸைச் செருகித் திருகும்போது அதன் காதுகள் எல்லாம் கொக்கியில் விழுந்தனவா என்று குனிந்து பாருங்கள், இழுத்தும் பாருங்கள். நான் முதல் தடவை பார்க்கவில்லை. காலை 11 மணி, எல்லாரும் செக்கவுட் செய்கிற நேரம், பின்னால் நான்கு வண்டி. பிளாக் வால்வை இழுத்த மறு நொடி ஹோஸ் கழன்று துள்ளியது. நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பின்னால் இருந்த கிழவர் ஒரு வார்த்தை பேசாமல் பிளீச் பாட்டிலோடு இறங்கி வந்தார்.

மறுமுனையைத் தரையில் உள்ள துளையில் நன்றாக இறக்கி, மேலே ஒரு கல்லோ மூடியோ வையுங்கள். முதலில் பிளாக், சத்தம் நிற்கும்வரை. மூடிவிட்டுக் கிரே. சோப்புத் தண்ணீர் வந்து ஹோஸைக் கழுவிவிடும். கிளம்புமுன் பிளாக் டேங்கில் ஒரு வாளித் தண்ணீர் விட்டு மருந்து போடுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து வேண்டாம், செப்டிக் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் குழாய் கழுவுவதற்கு மட்டும். அதில் குடிதண்ணீர் பிடித்து டேங்க் நிரப்பின ஒரு புண்ணியவானை என் கண்ணால் பார்த்தேன்.

தங்காமல் காலி செய்ய மட்டும் போகலாமா என்றால், அட்டை உள்ள யாரையும் விடும் தளங்கள் உண்டு, தங்குபவர்களுக்கு மட்டும் என்னும் தளங்களும் உண்டு. அதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் மாதிரி லாரி நிறுத்தங்கள் சிலவற்றில் காசு கொடுத்துக் காலி செய்யலாம்.

ஹூஸ்டன் அக்கா எழுதியது:

அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுவிட்டார். நம் ஆட்கள் கழிவறையில் மக் வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம் இல்லையா? பிளாக் டேங்குக்கு அது நல்லதுதான், எதுவும் கட்டிக்கொள்ளாது. ஆனால் நான்கு பேர் என்றால் இரண்டே நாளில் நிறைந்துவிடும். நாங்கள் மூன்றாம் நாள் காலையில் அதைக் கண்டுபிடித்தோம். ஐந்து நாளில் நடுவில் ஒரு தடவை காலி செய்யக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் நாறுவது கிரே டேங்க்தான். சாம்பார் மிச்சம், எண்ணெய், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் சிங்க்கில் போனால் வெயிலில் புளித்து வண்டியே மணக்கும். தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், சிங்க் வாயில் வடிகட்டி போடுங்கள். கறிவேப்பிலை ஒன்று வால்வில் மாட்டிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு!

டெக்சாஸ் மருமகள் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. போன் செய்துவிட்டேன். அத்தை மாமாவுக்கு முன் அனுமதி வேண்டுமாம், நாங்கள் போகும் தேதிக்குள் வருமா என்று உறுதி சொல்லவில்லை. அதனால் பாட்டர்ஸ் கிரீக்கில் நான்கு இரவு எடுத்துவிட்டோம். அட்டையில் அந்த வரி இருக்கிறது. இவர் ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டார், உங்கள் செருப்புக் கதையைப் படித்த பிறகு.

அத்தை ஒன்றே ஒன்று கேட்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த குட்டி கிரைண்டரை எடுத்து வரலாமா? மாமாவுக்குக் காலையில் இட்லி இல்லாமல் ஆகாது.

பழைய மாலுமி எழுதியது:

கிரைண்டர் பெரிதாக ஒன்றும் இழுக்காது, 150 வாட்டோ 200 வாட்டோதான். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட் கிடைக்கும், ஏசியையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூன்றாவதாக எதையாவது சொருகினால்தான் பிரேக்கர் விழும். ஆனால் ஊர் கிரைண்டர் 230 வோல்ட், இங்கே 120. சுற்றாது தங்கச்சி, முனகும்.

மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள். பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி, மூடியைக் கட்டி, ஷவருக்குள் வைத்து ஓட்டுங்கள். வழியில் பொங்கினாலும் கழுவி விட்டுவிடலாம். அதுவும் கிரே டேங்குக்குத்தான் போகும், அக்கா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.