கைவேலை லேம்ப் ஷேட்: எந்த அளவைப் பிடிவாதமாகக் கேட்பது, எதைக் கைக்கு விட்டுவிடுவது

(பலர் சேர்ந்து எழுதியது; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நடுத்துளை

கைவினைஞரிடம் விளக்குக்குடை செய்யக் கொடுத்தால் பெரும்பாலும் சொதப்புவது வடிவம் அல்ல, துளை. வடிவம் நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் கொழுத்தோ சாய்ந்தோ வந்தாலும் பார்வைக்குப் பழுதில்லை. துளை 2 மி.மீ. சிறுத்தால் ஹோல்டரே ஏறாது.

இ27 (திருகி மாட்டும் பல்பு) ஹோல்டரின் வளையம் உட்காரத் தோராயமாக 40 மி.மீ. துளை வேண்டும். பி22 (அழுத்தித் திருப்பி மாட்டும் பல்பு) என்றால் 28–29. எம்10 (10 மி.மீ.) மரைக்குழாயில் தொங்கவிடுவதாக இருந்தால் 10.5 போதும். இதில் எது என்று முடிவாகும் முன் ஓவியம் வரைய உட்காருவது வீண். ஹோல்டரைக் கையில் வாங்கி, வெர்னியரில் அளந்து, அதையே கைவினைஞரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்தில் முப்பது அளவு எழுதிக் கொடுத்தால் முப்பதுக்கும் ஒரே மரியாதைதான் கிடைக்கும். மூன்றே மூன்று போதும்: துளை, எடை எவ்வளவைத் தாண்டக்கூடாது, பல்புக்கும் உட்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி. மற்றதெல்லாம் அவர் கைக்கு. துளையைச் சரிபார்க்க ஒரு மரக்கட்டையின் ஒரு முனையை 40.5 மி.மீ., மறுமுனையை 43 மி.மீ. எனக் கடைந்து கொடுங்கள். சின்ன முனை நுழைய வேண்டும், பெரிய முனை நுழையக்கூடாது. ஸ்கேலைப் பார்க்கவே வேண்டாம், இருட்டிலும் சோதிக்கலாம்.

சூளைச்சூடு

மண்ணில் குடை செய்வதானால், மேலே சொன்ன கட்டை சுட்ட மண்ணுக்குத்தான், ஈர மண்ணுக்கு இல்லை. ஈரத்துக்குத் தனிக் கட்டை வேண்டும். சாதாரணமாகச் சுடுமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் 8 முதல் 12 சதவீதம் வரை சுருங்கும். மண்ணுக்கு மண் மாறும், அதனால் பொது எண்ணை நம்பாதீர்கள். அதே மண்ணில், அதே தடிமனில் ஒரு பட்டை தட்டி, அதில் 100 மி.மீ. கோடு கீறி, அதே சூளையில் வேகவிட்டு அளந்து பாருங்கள். கோடு 91 ஆக வந்தால் ஈரத்துளை 40.5 ÷ 0.91, அதாவது 44.5.

40.5-உடன் 9 சதவீதம் கூட்டுபவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. துளையில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. 300 மி.மீ. வாயில் கிட்டத்தட்ட 3 மி.மீ. இடிக்கும். அந்த வாயில் பித்தளை வளையமோ கண்ணாடியோ உட்கார வேண்டுமென்றால் அப்போது தெரியும்.

துளையைச் சக்கரத்திலேயே போட வேண்டாம். விரலால் அழுத்தினால் குழியாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பதத்தில் வெட்டுங்கள். அதற்கு முன் வெட்டினால் துளை நீள்வட்டமாகும்; முற்றக் காய்ந்தபின் வெட்டினால் ஓரம் பொரிந்து உதிரும். வெட்டிய விளிம்பை ஈர விரலால் ஒருமுறை அழுத்தி வழித்துவிடுங்கள். வெடிப்பு ஆரம்பிப்பதே அந்தக் கூர்விளிம்பில்தான். ஒளி கசியச் சிறு துளைகள் போடுவதானால், இரு துளைகளுக்கு நடுவே குறைந்தது சுவரின் தடிமன் அளவு மண் நிற்கட்டும். பிசிறைக் காய்ந்த பிறகு தட்டிவிடலாம். ஈரத்தில் துடைத்தால் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும்.

வாய் கோணுவதற்குக் காரணம் ஒரு பக்கக் காற்று. கவிழ்த்து, அடியில் மணல் தூவிக் காயவையுங்கள். சுருங்கும்போது வாய் மணலில் நகர இடம் கிடைக்கும். ஒட்டிக்கொண்டால் விரிசல்தான்.

ஒயர்முனை

சூளைச்சூடு அண்ணன் மண்ணோடு நிறுத்திவிட்டார், மாட்டும்போதுதான் பாதி உடைகிறது. மண்ணும் இரும்பும் நேரடியாகத் தொடக்கூடாது. இரு பக்கமும் ரப்பர் அல்லது சிலிக்கான் வாஷர், அதற்கு மேல் 60 மி.மீ. உலோக வாஷர், பிறகு நட். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான். பல்பு எரிந்து சூடேறினால் உலோகம் மண்ணைவிட அதிகம் விரியும். முன்பே முறுக்கியிருந்தால் துளையிலிருந்து முடிபோல ஒரு கோடு கிளம்பும். அந்த 60 மி.மீ. வாஷர் துளையின் கோணலையும் மறைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

எடை விஷயத்தில் சமாதானம் கிடையாது. 0.75 சதுர மி.மீ. நெகிழ்கம்பியில் (வளையும் மின்கம்பி) 3 கிலோவுக்கு மேல் தொங்கக்கூடாது. சுடுமண் குடை சுலபமாக அதைத் தாண்டும். அப்போது ஸ்டீல் கயிறு எடையைத் தாங்கட்டும், மின்கம்பி தளர்வாகக் கூட வரட்டும்.

தகடு

பித்தளைக்கு வருவோம். லேத்தில் மர அச்சின்மேல் தகட்டை அழுத்திப் படியவைக்கும் ஸ்பின்னிங் வேலைக்கு 0.8 முதல் 1 மி.மீ. தகடு நன்றாக வரும். பித்தளை அழுத்த அழுத்த இறுகும். ஆழமான குடை என்றால் நடுவில் எடுத்து, நிழலில் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டினால் வாய் ஓரம் கிழியும். அது நல்லது, கண்முன்னே தெரிந்துவிடுகிறதே! கிழியாமல் தப்பித்து வந்த குடைதான் ஆபத்து. உள்ளே இறுக்கம் அப்படியே தங்கி, எப்போதாவது அம்மோனியா காற்று பட்டதும் தானாக வெடிக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது இப்படித்தான் வெடித்தன. காரணம் அம்மோனியா என்று 1921-இல் விளக்கினார்கள். முடித்த குடையை 260–300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் இறுக்கம் இறங்கிவிடும். வடிவமும் மாறாது.

சுத்தியல் தட்டு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. தட்டினால் தகடு விரியும், வாய் நெளியும். முதலில் தட்டி முடித்து, பிறகு வாயில் 2 மி.மீ. கம்பி வைத்து மடியுங்கள். கம்பிதான் வாயை வட்டத்தில் பிடித்து நிறுத்தும்.

லாக்கர் (பித்தளை மங்காமல் காக்கும் பூச்சு) அடிக்கும் முன் அசிட்டோனில் துடைத்து, அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இன்றைக்குத் தெரியாத கட்டைவிரல் ரேகை, சில மாதம் கழித்து லாக்கருக்கு அடியில் பழுப்பாக, கோடு கோடாக எழும். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. லாக்கரை உரித்துத்தான் ஆகவேண்டும்.

பிளாச்சு

மூங்கிலில் எல்லோரும் முடைவதைப் பற்றியே பேசுகிறார்கள். உளுத்துப்போவதற்கு என்ன செய்கிறீர்கள்? மூன்று வயதாவது ஆன மூங்கில் வேண்டும், இளசில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு விருந்து. பிளாச்சாகப் பிளந்தபின், முடைவதற்கு முன், 95 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து ஊறவையுங்கள். முடைந்தபின் மேலே பூசினால் மேல்தோல் வழியாக இறங்காது.

பிரம்பு வேறு ஜாதி. இருபது முப்பது நிமிடம் ஊறினால் வளையும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் கருத்து, நார் எழும்பும்.

ஈரத்தோடு முடைந்ததை ஏசி அறையில் தொங்கவிட்டால் பிளாச்சு சுருங்கிப் பின்னல் லொடலொடக்கும். காயவைத்து, ஒருமுறை நெருக்கி, அப்புறம் வாய்க்கட்டுப் போடுங்கள். அளவு மாறாமல் வர அச்சு வேண்டும். சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபுவில் தொடங்கிய அகாரி விளக்குகளைப் பாருங்கள். மர அச்சின்மேல் மூங்கில் இழை சுற்றி, காகிதம் ஒட்டி, காய்ந்தபின் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி வாய் வழியே உருவிவிடுகிறார்கள். கூடைக்கும் இதே வழி. அச்சின் ஒரு துண்டு வாயைவிடச் சின்னதாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அச்சும் விளக்கோடு போகும்.

நடுத்துளை

பின்னல் குடைக்குள் எந்த பல்பு என்பதும் வடிவமைப்புதான். இழை தெரியும் தெளிவான பல்பு என்றால் சுவரெல்லாம் கூரான நிழல்கோலம், கண்ணும் கூசும். 95 மி.மீ. பால்நிற உருண்டை பல்பு போட்டால் கோலம் கரைந்து மங்கும். எது வேண்டும் என்று கைவினைஞர் முன்னிலையிலேயே இரண்டையும் எரித்துக் காட்டுங்கள். பின்னல் எவ்வளவு நெருக்கம் என்பதை அப்போது அவரே சொல்லிவிடுவார்.

எல்.இ.டி.க்குச் சூடு இல்லை என்று நினைத்து மேலே மூடிவிடாதீர்கள். பல்பின் அடியில் இருக்கும் மின்னணுப் பகுதிதான் சூட்டில் முதலில் சாகும். சுடுமண் குடையின் தலையில் 8 மி.மீ. துளை மூன்று நான்கு இருந்தால் காற்று ஏறிப்போகும்.

ஒயர்முனை

பித்தளைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். எர்த் லக் (எர்த் கம்பியின் முனையில் உள்ள உலோக வளையம்) உட்காரும் இடத்தில் லாக்கரைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். கம்பி நுழையும் துளையில் ரப்பர் புஷ் வையுங்கள். கடைசியில் மீட்டரை எடுத்து, ஒரு முனையை எர்த் கம்பியிலும் மறுமுனையைச் சுரண்டாத ஏதாவதொரு வாய் ஓரத்திலும் வைத்தால் ஒன்றும் காட்டாது, பயப்பட வேண்டாம், அங்கே லாக்கர் தடுக்கிறது. உள்பக்கத்தில் லாக்கர் இல்லாத ஒரு புள்ளியில் வைத்துப் பாருங்கள்.