போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வீட்டு சர்வர் வரவில்லை: டன்னலா, விபிஎஸ்ஸா?

வைகைக்கரை:
பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு, குடும்பப் படங்களைச் சேமித்துப் பார்க்க இம்மிச் என்ற மென்பொருள் ஓடுகிறது. வீட்டு வைஃபையில் நன்றாகத் திறக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு டைம் அவுட். ரவுட்டரில் வலைத்தளங்களுக்கான போர்ட் 80, 443 இரண்டையும் லேப்டாப்புக்கு ஃபார்வர்டு செய்தாயிற்று, உபுண்டு ஃபயர்வாலிலும் திறந்தாயிற்று. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் கிடைக்க மாட்டேன் என்கிறது. ரவுட்டரின் வான் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் ஐபி 100.72 என்று தொடங்குகிறது, ஆனால் கூகுளில் என் ஐபி என்னவென்று தேடினால் வேறு எண் வருகிறது.

கம்பிவடம்:
பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள எண்கள், ஐபிவி4 முகவரித் தட்டுப்பாட்டால் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கவென்றே 2012இல் ஒதுக்கியவை. இப்படிப் பகிர்வதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் ரவுட்டருக்கு மேலே இணைய நிறுவனத்தின் நாட் (ஒரே ஐபியைப் பலருக்குப் பகிரும் அமைப்பு) ஒன்று இருக்கிறது, அதில் போர்ட் திறக்க உங்களால் முடியாது. சான்றிதழ் வராததும் அதனால்தான், 80இல் வந்து சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டன்னல் போட்டுவிடுங்கள், பார்ப்பவர்கள் அவர்கள் சர்வர் வழியாக உங்கள் லேப்டாப்புக்கு வருவார்கள். இணைப்பு உங்கள் லேப்டாப்பிலிருந்து வெளியே போவதால் போர்ட்டே திறக்க வேண்டாம், டொமைன் ஒன்று இருந்தால் போதும்.

முனையம்:
சிஜிநாட் சரி, டன்னல் சரியில்லை. அதில் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் குறியாக்கம்) கிளவுட்ஃபிளேரின் சர்வரிலேயே அவிழ்ந்துவிடும். பிள்ளைகளின் படங்கள் அடுத்தவர் கையில் போகக்கூடாது என்றுதானே வீட்டில் சர்வர் வைக்கிறோம்? நடைமுறையிலும் இடிக்கும்: இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடு 100 எம்பியைத் தாண்டக்கூடாது. இம்மிச் செயலி கோப்பை ஒரே மூச்சில் அனுப்பும், அதனால் படங்கள் எல்லாம் ஏறிவிடும், கல்யாண வீடியோ மட்டும் 413 (கோப்பு மிகப் பெரியது) பிழையோடு நிற்கும், காரணம் தெரியாமல் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். சின்ன விபிஎஸ் (பொது ஐபியோடு வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்று எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் இடையே வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள். 443இல் வருவதை அவிழ்க்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளினால் சான்றிதழின் சாவி லேப்டாப்பிலேயே இருக்கும். வீட்டுப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 (25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னச் செய்தி) என்று வையுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றாலே நாட் வழியை மூடிவிடும்.

கம்பிவடம்:
முதல் சர்வரை இப்போதுதான் வைத்திருக்கிறார், அவரிடம் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்களே! அப்டேட் போடாமல் கிடக்கும் விபிஎஸ்ஸைவிடப் பெரிய ஓட்டை என்ன இருக்கிறது? வீட்டு ஆட்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றால் பொது இணையத்தில் வைக்கவே வேண்டாம், அவர்களின் சாதனங்களை மட்டும் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போதும். 100 எம்பி வரம்பும் இல்லை, நடுவில் யாரும் அவிழ்ப்பதும் இல்லை. (அதுவும் 100.64 வரிசையிலிருந்துதான் எண் தரும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

முனையம்:
ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் போட்டிருக்கிற மருமகனுக்குப் படம் திறக்காது, வயதானவர்களிடம் முதலில் இதை ஆன் செய்யுங்கள் என்று சொன்னால் அதோடு பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

மின்கம்பம்:
ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6ஐ இருவருமே மறந்துவிட்டீர்கள். வைகைக்கரை, லேப்டாப்பில் 2 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டொமைனில் அதைக் காட்டும் ஏஏஏஏ ரெக்கார்டு போட்டு, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் 80, 443 திறந்தால் சான்றிதழும் கிடைக்கும், நடுவில் ஆளும் தேவையில்லை.

கம்பிவடம்:
ஐபிவி6 இல்லாத ஆபீஸ் வைஃபையில் திறக்காதே. முகவரியின் முன்பாதியும் மாறிக்கொண்டே இருக்கும்.

மின்கம்பம்:
மாறினால் டொமைனில் புது முகவரியைத் தானாகப் பதியும் டிடிஎன்எஸ் பார்த்துக்கொள்ளும். ஆபீஸில் திறக்காது என்பது உண்மைதான், ஆனால் அவர் கேட்டது மொபைல் டேட்டா.

வைகைக்கரை:
2401 என்று தொடங்கும் முகவரி இருக்கிறது. ஆனால் ரவுட்டரின் ஐபிவி6 பக்கத்தில் ஃபயர்வாலை மொத்தமாக ஆன், ஆஃப் செய்வது மட்டும்தான், ஒரு மெஷினுக்குத் தனியாகத் திறக்க இடமே இல்லை.

முனையம்:
அப்படியென்றால் ஃபயர்வாலை ஆஃப் செய்துவிடாதீர்கள், டிவி, கேமரா என்று வீட்டில் உள்ளதெல்லாம் வெளியே தெரியும். ரவுட்டரை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போட்டு, பின்னால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர் வைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாது என்றால் வயர்கார்டுதான், கான்ஃபிகை நான் எழுதித் தருகிறேன்.