78 வயது அம்மாவோடு விவாதிக்க ஆள் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: நிலா_மகள்

அம்மா கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் எண் கோட்பாடுதான். பகா எண்களைப் பற்றி எழுதிய நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ரஷ்யக் கணிதப் புத்தகங்களைப் படிப்பதற்காகவே அந்த மொழியைத் தானாகக் கற்றுக்கொண்டார். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குக் கணிதம் வராது. இருந்தாலும் "அது எப்படி அப்படி ஆகும்?" என்று விடாமல் கேட்பார், அம்மாவும் விடாமல் விளக்குவார். அப்பா போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. எனக்கு அந்த அளவுக்குப் புரியாது. அம்மா ஆரம்பிப்பார், என் முகத்தைப் பார்ப்பார், நிறுத்திவிடுவார்.

முதியோர் பகல்நேர மையத்தில் சேர்த்தோம். அங்கே எல்லோரும் அன்பானவர்கள். படங்களுக்கு வண்ணம் தீட்டுவது, சேர்ந்து பாடுவது என்று பொழுது போகும். அம்மாவும் முகம் சுளிக்காமல் போய் வந்தார். ஒரு நாள் வந்து, "என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் சொல்லவில்லை" என்றார். அதன்பிறகு போகவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நிரூபணத்தை முழுதாக மனதிலேயே வைத்திருக்க முடிந்ததாம், இப்போது நடுவில் நழுவிப் போகிறதாம். மருத்துவர் நினைவாற்றல் பரிசோதனை செய்தார். 30-க்கு 29. "என்னைவிட நன்றாக இருக்கிறீர்கள் அம்மா" என்று சிரித்து அனுப்பிவிட்டார். வீடு வரும்வரை அம்மா பேசவே இல்லை.

சொந்தக்காரர்கள் "இந்த வயதில் ஓய்வாக இருக்கட்டுமே" என்கிறார்கள். ஓய்வுதான் அவரை வாட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட முதியவர்களுக்கு என்னதான் தேவை?

பதில் 1: சோதனை_மேசை

இந்த மாதிரிப் பரிசோதனைகளை நடத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். அந்த 29-ஐ வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-இல் வந்த மோகா என்ற இரண்டு நினைவாற்றல் பரிசோதனைகளுக்குமே முழு மதிப்பெண் 30. தேதி சொல்வது, சில சொற்களை நினைவில் வைத்துச் சொல்வது, படம் பார்த்து வரைவது போன்ற எளிய கேள்விகள்தான். பெரிய குறை இருந்தால் காட்டிக்கொடுக்கும். மிக உயர்ந்த இடத்திலிருந்து ஒருவர் இரண்டு படி இறங்கியிருந்தால் அதற்குத் தெரியாது. யாக்கோவ் ஸ்டெர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் படிப்பும் சிந்தனையுமாக இருந்தவர்களின் மூளை, உள்ளே பாதிப்பு இருந்தாலும் பல ஆண்டுகள் ஈடுகொடுக்கும். அதனால் அறிகுறி தாமதமாகத்தான் வெளியே தெரியும், தெரிந்த பிறகு சரிவு வேகமாகவும் இருக்கலாம்.

அதே நேரம், அம்மா சொல்வது வெறும் வயதின் விளைவாகவும் இருக்கலாம். ரேமண்ட் கேட்டெல், ஜான் ஹார்ன் என்ற உளவியலாளர்கள் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்தார்கள். புதுச் சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறனும், பல உருப்படிகளை ஒரே நேரத்தில் மனதில் ஏந்தும் திறனும் வயதோடு குறையும். சேர்த்துவைத்த அறிவும் சொல்வளமும் நெடுநாள் நிற்கும். நிரூபணத்தை மனதில் ஏந்துவது முதல் வகை. காகிதத்தில் எழுதிக்கொண்டே போனால் அம்மாவுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

எதுவென்று பிரித்தறிய, சில மணி நேரம் நடக்கும் விரிவான நரம்பு உளவியல் மதிப்பீடு கேளுங்கள். ஓராண்டு கழித்துத் திரும்பச் செய்து அவரை அவரோடே ஒப்பிட வேண்டும், சராசரியோடு அல்ல. போகும்போது பழைய நோட்டுகளில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர் எங்கிருந்து வந்தவர் என்று சோதிப்பவருக்குத் தெரியட்டும். தைராய்டு, பி12, தூக்கம், சாப்பிடும் மாத்திரைகள், செவித்திறன், அப்பா போன துக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பலவும் சரிசெய்யக் கூடியவை.

பதில் 2: தென்றல்67

தவறாக நினைக்க வேண்டாம். எல்லா முதியவர்களுக்கும் வேண்டியது அன்பும் துணையும்தான். அறிவாளிக்குத் தனித் தேவை என்று பிரித்துப் பார்த்தால் அவர் இன்னும் தனிமைப்பட மாட்டாரா? மையத்துக்கே இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே.

பதில் 3: பழைய_இயற்பியல்

எனக்கு 81 வயது. தென்றலுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அன்பு எனக்குக் குறைவில்லை. பிள்ளைகள் தினமும் பேசுகிறார்கள். நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் "சரி அப்பா" என்கிறார்கள். நான் ஏங்குவது, "நீ சொல்வது தப்பு, மூன்றாவது வரியைப் பார்" என்று ஒருவர் சொல்வதற்கு. மறுத்துப் பேசத் தகுதியானவன் என்று ஒருவர் என்னை நினைப்பதே எனக்கு மரியாதை. நிலா, உங்கள் அப்பா அம்மாவுக்குக் கொடுத்ததும் அதுதான்.

இன்னொரு பாரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. "இவ்வளவு மூளை இருந்தும் என்ன செய்தேன்?" என்ற எண்ணம் இந்த வயதில் இரவில்தான் வரும். 1921-இல் தொடங்கி லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1,500-க்கும் மேற்பட்ட அறிவுத்திறன் மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார், அவர்களை முதுமை வரை தொடர்ந்தார்கள். அந்த ஆய்வில் தாங்கள் இருப்பதைச் சிறு வயதிலேயே அறிந்தவர்கள், நடுவயதில் தங்கள் திறனுக்கு ஏற்ப வாழவில்லை என்று நினைப்பது கூடுதலாக இருந்தது. 80 வயதில் அவர்களின் மனநலமும் சற்றுக் குறைவாகவே இருந்தது. உங்கள் அம்மா வேறு வகை, அவரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நோட்டுகளைப் பற்றிக் கேளுங்கள். கணிதம் புரிய வேண்டாம். எந்த ஆண்டு எழுதியது, எங்கே சிக்கியது, எதை விட்டுவிட்டது வருத்தம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சரி, செய்யக் கூடியதற்கு வருகிறேன். எண் வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம் என்று ஒன்று உண்டு. நீல் ஸ்லோன் என்ற கணிதர் 1964-இல் தனியாகச் சேர்க்கத் தொடங்கியது, 1996-இல் இணையத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து புதிய வரிசையையோ திருத்தத்தையோ அனுப்பலாம். பட்டம் கேட்க மாட்டார்கள். தன்னார்வத் தொகுப்பாளர்கள் வரி வரியாகப் பார்த்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் அம்மாவுக்காகவே செய்து வைத்தது போல இருக்கிறது. அந்த அலமாரியில் நிச்சயம் ஏதாவது இருக்கும்.

ஆட்கள் வேண்டுமென்றால் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் பல நாடுகளில் குழுக்கள் இயங்குகின்றன. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கியது. 1981-இல் பிரிட்டனுக்குப் போனபோது, பேராசிரியர்களை வரவழைக்காமல் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பிப்பது என்று மாற்றினார்கள். தேடும்போது இந்த இரண்டாம் வகையைத் தேடுங்கள், அங்கே அம்மா பாடம் எடுக்கலாம்.

குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கித்தர வேண்டாம். எல்லோரும் அதைத்தான் எனக்குத் தருகிறார்கள். டெனிஸ் பார்க் குழுவினரின் ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. முதியவர்கள் மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படக் கலை போல முற்றிலும் புதிய, கடினமான ஒன்றைக் கற்றபோது நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. கஷ்டமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அப்புறம் காது. குழுவில் பாதி வாக்கியம் விழாதபோது நான் ஆமாம் போட்டுத் தலையாட்டினேன், எல்லோரும் எனக்கு ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தார்கள். கருவி பொருத்திய பிறகுதான் வாதத்துக்குள் திரும்ப நுழைந்தேன்.

அம்மா விரும்பினால் எனக்கு எழுதட்டும். எண் கோட்பாடு எனக்கு அரைகுறைதான், ஆனால் "அது எப்படி?" என்று கேட்பேன்.

நிலா_மகள்

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரிவான மதிப்பீட்டுக்கு அவரே நாள் வாங்கச் சொன்னார், தன்னைத் தன்னோடு ஒப்பிடுவார்கள் என்ற வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். காகிதத்தில் எழுதினால் நிரூபணம் நிற்கிறதாம், மெதுவாக.

பழைய_இயற்பியல் ஐயாவின் புகைப்படக் கலை யோசனையை ஏற்கவில்லை. "புதிதாக இருந்தால் போதுமா, எனக்கு அது முக்கியமாகவும் இருக்க வேண்டாமா? ஆய்வில் அதைப் பிரித்துப் பார்த்தார்களா என்று அவரிடம் கேள்" என்றார். ஐயா, பதிலை அம்மாவுக்கே எழுதுங்கள், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், ஒரு கண்ணில் புரை இருக்கிறது.