வண்டி இல்லாமல் நகர மையத்தில் குடியிருக்க வேண்டும்: இரண்டு வீட்டில் எது?

வண்டியில்லாதவள்:
புது வேலை நகர மையத்தில். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. கூடவே அம்மாவும் வருகிறார். முழங்கால் வலி உண்டு, ஆனால் வீட்டில் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை.

முதல் வீடு கடைத்தெரு மேலேயே, மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. அலுவலகத்துக்கு 6 நிமிட நடை. இரண்டாவது அமைதியான உள்தெருவில், தரைத்தளம். அங்கிருந்து 18 நிமிடம், நடுவில் ஆறு தடச் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். வாடகை இதில்தான் குறைவு. ஓர் இடத்தில் நடந்தே காரியம் முடிக்க எவ்வளவு வசதி என்று மதிப்பெண் போடும் வாக் ஸ்கோர் தளத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பின்தெரு:
அந்த எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். கடையும் பூங்காவும் எவ்வளவு தூரம் என்பதுதான் அதில் முக்கியக் கணக்கு. 5 நிமிட நடைக்குள் இருந்தால் முழு மதிப்பெண், 30 நிமிடம் தாண்டினால் ஒன்றும் கிடையாது. நடைபாதை பெயர்ந்து கிடப்பதோ, வழியில் உட்கார ஒரு இடம்கூட இல்லாததோ அதில் தெரியாது.

உங்கள் கேள்வி முழுக்க அலுவலகத்தையே சுற்றுகிறது. அங்கே நடக்கப்போவது நீங்கள். அம்மா எங்கே நடப்பார்? மருந்துக்கடை, காய்கறி, சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார ஒரு பூங்கா. இதெல்லாம் அந்த ஆறு தடச் சாலைக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏன் என்றால், ஆறு தடம் என்பது 20 மீட்டருக்கு மேல். நடப்பவர் நொடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பெரும்பாலும் சிக்னல் நேரம் ஒதுக்குகிறார்கள். அதாவது சுமார் 20 நொடி. முழங்கால் வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 26 நொடி வேண்டும். மிச்ச நொடிகளில் அவர் சாலை நடுவே இருப்பார். நடுவில் நின்றுகொள்ளத் திட்டு இருந்தால் பரவாயில்லை, இரண்டு தவணையாகக் கடக்கலாம். இல்லாவிட்டால் நாலாவது நாளே வெளியே போவதை நிறுத்திவிடுவார். வலி என்றுதான் சொல்வார், சாலை என்று சொல்லமாட்டார்.

முதல் வீட்டுக்கு வேறு சோதனை. வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்குப் போய் மேல்மாடி ஜன்னல்களைப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, கொடியில் துணி காய்கிறதா? எல்லாம் இருட்டு என்றால் அது அலுவலகப் பகுதி, குடியிருப்பு இல்லை. கீழே இருக்கும் கடைகளும் அலுவலகக் கூட்டத்தை நம்பியவையாக இருக்கும், விடுமுறை நாளில் ஷட்டரைத் திறக்கவே மாட்டார்கள்.

இரவுப்பணி:
கடைத்தெரு வீட்டில் எனக்குத் தொல்லை இரவுக் கூட்டத்தால் இல்லை, விடிகாலையால்தான். நாலரைக்குச் சரக்கு வண்டி ரிவர்ஸில் வரும், அந்த பீப் பீப் சத்தத்தோடு. அது முடிந்ததும் குப்பை வண்டி. இரவில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் சொன்னது. எங்கள் தெரு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. படுக்கையறை பின்பக்கம் என்றால் மட்டும் எடுங்கள்.

லிஃப்ட் கடைசியாகப் பழுதானபோது சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்றும் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம், ஐந்தாம் மாடிக்காரரிடம்.

வரைபடப்பித்து:
ஒன்று மட்டும். வரைபடம் காட்டும் 18 நிமிடம் மணிக்குச் சுமார் 5 கி.மீ. நடையில். சிக்னலில் நிற்கும் நேரம் தனி. தெருக்கள் அடிக்கடி குறுக்கே வெட்டிக்கொள்ளும் பகுதியாகவும் பாருங்கள். பார்சிலோனாவின் ஏஷாம்ப்லா பகுதியில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே உள்ள கட்டம் சுமார் 113 மீட்டர், அதற்குள் வேறு தெருவுக்குத் திரும்பிவிடலாம். நீளமான மதில், ரயில் பாதை எதுவும் குறுக்கே இருந்தால் கண்ணுக்கெதிரே தெரியும் கடைக்கே சுற்றிப் போக வேண்டிவரும்.

வண்டியில்லாதவள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு போய்ப் பார்த்தேன். ஆறு தடச் சாலையில் நடுத்திட்டு கிடையாது, வெறும் கோடுதான். மருந்துக்கடையும் பூங்காவும் அந்தப் பக்கம். சரி, அது வேண்டாம். கடைத்தெருவில் மேல்மாடிகளில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஆனால் படுக்கையறை தெருவைப் பார்த்துத்தான். அங்கே காவலுக்கு இருப்பவர், பின்தெருவில் முதல் மாடி ஒன்று காலி, லிஃப்ட் மட்டும் இல்லை என்றார். அம்மாவைக் கூட்டிப்போய் ஏறிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

பின்தெரு:
ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் பலருக்கு அப்போதுதான் அதிகம் வலிக்கும். கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கிறதா, படியில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்.