விஷமுறிவு மருந்தின் பின் அப்பாவின் சி3 குறைந்திருக்கிறது: இது குடும்பக் குறைபாடா?

ஒட்டுசுட்டான் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காலபோக வெள்ளாமை அறுத்த வயலில் வைக்கோல் ஒதுக்கிக்கொண்டு நின்ற என் அப்பாவைக் கணுக்காலில் புடையன் கடித்தது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். குருதி உறையவில்லை என்று கண்டதும் விஷமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். அவரும் தேறி வீடு திரும்பினார். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. முழங்கால்களும் மணிக்கட்டுகளும் நொந்தன, முதுகிலும் தொடையிலும் அரிப்புடன் தடிப்புகள் எழுந்தன, உள்ளங்கையும் புறங்கையும் சேரும் ஓரத்தில் சிவப்புக் கோடொன்று வளைந்து வளைந்து ஓடியது. மறுபடியும் வாட்டில் சேர்த்தபோது, இது எஞ்சிய விஷம் அல்ல, மருந்திலுள்ள குதிரைப் புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்விளைவு என்று விளக்கி, அழற்சியை அடக்கும் பிரெட்னிசோலோன் குளிசை கொடுத்தார்கள். இப்போது நோவு நன்றாகத் தணிந்துவிட்டது.

என் கலக்கம் வேறு. வாட்டில் எடுத்த பரிசோதனையில் சி3, சி4 என்ற இரண்டு குருதிப் புரதங்கள் முறையே 62 என்றும் 8 என்றும் வந்திருக்கின்றன. இரண்டும் குறைவு என்று குறியிட்டிருக்கிறார்கள். சிறுநீரிலும் சிறிதளவு புரதம் இருந்ததாம். உடலின் நிர்ப்பீடனம் தன்னையே தாக்கும் லூபஸ் நோய்க்காகக் கிளினிக் செல்லும் என் அத்தை மகளின் அறிக்கையிலும் இதே இரண்டு புரதங்களும் குறைவாகவே இருக்கின்றன. எங்கள் அப்பாவின் குடும்பத்திலேயே இவை பிறவியிலிருந்து குறைவா? இவை குருதியிலுள்ள கழிவை அகற்றும் புரதங்கள் என்று ஓரிடத்திலும், அழற்சியை உண்டாக்கும் புரதங்கள் என்று இன்னோரிடத்திலும் வாசித்தேன். அப்படியானால் இவை குறைவது நல்லதா, கெட்டதா?

வவுனியா மருத்துவன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். அப்பா தேறிவருவது மகிழ்ச்சி. நீங்கள் வாசித்த இரண்டும் உண்மையே. நிரப்பிப் புரதங்கள் எனப்படும் ஒரே தொகுதிதான் இரண்டு வேலைகளையும் செய்கிறது; சி3உம் சி4உம் அதைச் சேர்ந்தவை. எப்போது எதைச் செய்கிறது என்பதைப் பார்த்தால் அப்பாவின் இலக்கங்களும் விளங்கும்.

இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கண்ணாடிப் புடையன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் வால் பகுதியைப் பெப்சின் நொதியத்தால் வெட்டிவிடுகிறார்கள். எஞ்சிய பகுதி விஷத்தைப் பிடித்து முறிக்கும். ஆனாலும் அது குதிரையின் புரதமே. அதை அந்நியம் என்று இனங்கண்டு அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைப் போதிய அளவில் உண்டாக்க நமது நிர்ப்பீடனத் தொகுதிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் காய்ச்சல் இரண்டாவது வாரத்தில் வந்தது. அப்பாவின் உடல் உண்டாக்கிய இந்தப் பிறபொருளெதிரிகளுக்கு வால் வெட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை குதிரைப் புரதத்தோடு இணைந்து உருவாகும் கூட்டுகளையே நிர்ப்பீடனக் கூட்டுகள் என்கிறோம்.

இத்தகைய கூட்டுகள் உருவாவது நோயல்ல. ஒவ்வொரு தொற்றின்போதும் அவை நம் எல்லோருடைய குருதியிலும் உருவாகின்றன, அகற்றவும்படுகின்றன. அகற்றும் ஒழுங்கு இப்படி நடக்கிறது. கூட்டில் நெருங்கி நிற்கும் வால்களைச் சி1கியூ என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து சி4, சி2, சி3 என்று ஒன்று மற்றதைத் தூண்ட, சி3 இரண்டாக வெட்டுப்பட்டு, அதன் பெரிய துண்டு கூட்டின்மீது இரசாயனப் பிணைப்பால் ஒட்டிவிடுகிறது. இப்படிச் சி3 ஒட்டிய கூட்டுகள் பெரிதாகி வீழ்படிவாவதில்லை. கரைந்த நிலையிலேயே ஓடுகின்றன. செங்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள சிஆர்1 என்ற வாங்கி இந்தச் சி3 துண்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு செங்குழியத்தில் இந்த வாங்கிகள் சில நூறு அளவில்தான் இருக்கும்; ஒரு வெண்குழியத்தில் அதைவிட அதிகம். ஆனால் செங்குழியங்களின் தொகை மிகப் பெரிது என்பதால், குருதியிலுள்ள சிஆர்1 இன் பெரும்பகுதி அவற்றிடமே இருக்கிறது. செங்குழியம் ஒட்சிசனை மட்டும்தான் காவுகிறது என்று பாடசாலையில் படித்துவிட்டு வருகிறோம். இந்த வேலையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அது ஈரலையும் மண்ணீரலையும் கடக்கும்போது அங்குள்ள விழுங்கற் கலங்கள் கூட்டை உரித்தெடுத்து அழிக்கின்றன, செங்குழியமோ சேதமின்றிச் சுற்றோட்டத்துக்குத் திரும்புகிறது.

அப்பாவின் உடலில் குதிரைப் புரதம் ஒரேயடியாக ஏராளமாக ஏறியது. பிறபொருளெதிரி சுரக்கத் தொடங்கும் வேளையில் அந்நியப் புரதமே மிகையாக இருப்பதால் அப்போது உருவாகும் கூட்டுகள் சிறியவை. பெரிய கூட்டுகளைப் போல அவை இலகுவில் பிடிபடுவதில்லை. அகற்றும் வேகத்தை மிஞ்சியவை தோலின் நுண்குழாய்களிலும் மூட்டுச் சவ்விலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் போய்ப் படிகின்றன. அங்கேயும் அதே நிரப்பிப் புரதங்கள் தூண்டப்படுகின்றன. ஆனால் அங்கே அவற்றிலிருந்து பிரியும் சி3ஏ, சி5ஏ ஆகிய சிறு துண்டுகள் வெண்குழியங்களை அழைத்து வீக்கத்தையும் நோவையும் உண்டாக்குகின்றன. குருதியில் ஓடும்போது காப்பது, சுவரில் படிந்தபின் சுடுகிறது.

இனி உங்கள் முதற்கேள்வி. பத்தாயத்தில் நெல் குறைந்திருப்பதற்குக் கலியாண வீட்டுக்கு அள்ளியதும் காரணமாகலாம், அந்தப் போகம் விளையாததும் காரணமாகலாம். குறைந்த மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு நடந்திருப்பது முதலாவது. எலும்பு மச்சை செயலிழந்தவர்களுக்குச் சிகிச்சையாகக் குதிரைப் புரதம் ஏற்றி நாள்தோறும் குருதியைப் பரிசோதித்த ஆய்வொன்று 1984 இல் வெளியானது. அதில் பத்தாம் நாளை அண்டி நிர்ப்பீடனக் கூட்டுகள் உச்சமடைய, அதே வேளையில் சி3, சி4 இரண்டும் சரிந்தன. உங்கள் அப்பாவின் கையோரத்தில் ஓடிய சிவப்புக் கோட்டையும் அந்த ஆய்வாளர்கள் கண்டு குறித்திருக்கிறார்கள். இந்த நோய் புதிதுமல்ல. தொண்டைக்கரப்பானுக்குக் குதிரைச் சீரம் கொடுத்த காலத்தில், வியன்னாவில் பணியாற்றிய வொன் பிர்கேயும் ஷிக்கும் 1905 இலேயே இதை விவரித்து நூல் எழுதினார்கள்.

பிறவிக் குறைபாடு வேறு வகையில் தோன்றும். சி1கியூ முற்றாக இல்லாமற் பிறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் லூபஸ் அல்லது லூபஸ் போன்ற நோய்க்கு ஆளாகிறார்கள். சி4 முற்றாக இல்லாதவர்களில் நாலில் மூன்று பேரளவில். சி2 இல்லாதவர்களில் இது வெகு குறைவு. சி3 முற்றாக இல்லாதவர்களைச் சிறு வயதிலிருந்தே சீழ்க் கிருமிகள் திரும்பத் திரும்பத் தாக்கும். முதுமையை நெருங்கும்வரை வயலில் நின்று உழைத்த ஒருவருக்கு இவற்றில் ஒன்று மறைந்திருந்தது என்று எண்ண இடமில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களின் பின் சி3, சி4, சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் திரும்பப் பாருங்கள். இலக்கங்கள் வழமைக்கு வந்தால் கேள்வி முடிந்தது.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் (கிளிநொச்சி) எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு அறிக்கையை வாசிப்பது பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். சி3க்கு ஏறக்குறைய 90 முதல் 180 வரையும், சி4க்கு 10 முதல் 40 வரையும் வழமை என்று கொள்கிறோம். அலகு டெசிலீற்றருக்கு மில்லிகிராம். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை சற்று மாறும் என்பதால், மறுபரிசோதனையை முடிந்தால் முதற்பரிசோதனை செய்த இடத்திலேயே செய்வியுங்கள். இன்னொன்று, அழற்சியின்போது ஈரல் சி3 ஐக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆகவே செலவு நடந்துகொண்டிருக்கும்போதும் அறிக்கை வழமையானது போலத் தோன்றக்கூடும்.

பிறவிக் குறைபாடு உண்டோ என்று அறிய சிஎச்50 என்றொரு பரிசோதனை உண்டு. பிறபொருளெதிரி பூசிய செம்மறியாட்டுச் செங்குழியங்களில் பாதியை உடைக்க எவ்வளவு சீரம் வேண்டும் என்று அதில் அளக்கிறோம். தொடரில் ஒரு புரதம் இல்லாவிட்டாலும் உடைப்பு பெரும்பாலும் நடக்காது. ஆனால் இந்தப் புரதங்களின் செயற்பாடு வெப்பத்தில் கெட்டுவிடும். சீரத்தை விரைவாகப் பிரித்து உறைநிலையில் அனுப்பாமல், ஏ9 வீதி வெயிலில் சாதாரணப் பெட்டியில் கொழும்புவரை அனுப்பினால், ஆரோக்கியமானவருக்கும் பூச்சியம் என்று முடிவு வரும். அந்தத் தாளைப் பார்த்து ஒரு குடும்பம் முழுவதும் பயப்படும். புரதங்கள் செலவாகிக்கொண்டிருக்கும்போதும் முடிவு குறைவாகவே வரும். எனவே நோய் தணிவதற்கு முன் அந்தப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம்.

மாங்குளம் ஆசிரியை எழுதியது:

நான் லூபஸ் நோயுடன் பல ஆண்டுகளாக வாழ்பவள் என்பதால், உங்கள் அத்தை மகளின் சார்பில் ஒரு கேள்வியை மருத்துவரிடம் வைக்கிறேன். என் சி3, சி4 இரண்டும் நான் நலமாக வகுப்பெடுக்கும் மாதங்களிலும் சற்றுக் குறைவாகவே இருக்கின்றன. ஒருமுறை அவை பெரிதாக மாறாமலே சிறுநீரில் புரதம் கூடியது. அப்படியிருக்க, ஒவ்வொரு கிளினிக்கிலும் இவற்றைப் பார்ப்பதில் என்ன பயன்? விஷமுறிவு மருந்து ஒருமுறை ஏறி முடிந்துவிடுகிறது. எங்களுக்கு ஏன் முடிவதில்லை?

வவுனியா மருத்துவன் எழுதியது:

அக்கா, உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. குதிரைப் புரதம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். லூபஸில் பிறபொருளெதிரிகள் தாக்குவது நம் சொந்தக் கலங்களின் கருப்பொருளை, டிஎன்ஏயையும் அதனோடு சேர்ந்த புரதங்களையும். அது தீராது. நாள்தோறும் இறக்கும் கலங்களின் எச்சத்தை அகற்ற உதவுவதும் இதே சி1கியூவும் சி4உம்தான். அந்த எச்சம் தேங்கினால் நிர்ப்பீடனத் தொகுதி அதையே பகையாகக் கற்றுக்கொள்கிறது என்பது, சி1கியூ இல்லாதவர்களுக்கு லூபஸ் வருவதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். அதன்மேல், லூபஸ் நோயாளரின் செங்குழியங்களில் சிஆர்1 வாங்கிகளும் குறைந்துபோகின்றன; சிலருக்குச் சி1கியூவுக்கு எதிராகவே பிறபொருளெதிரி உருவாகிறது, அது சிறுநீரகப் பாதிப்போடு சேர்ந்து காணப்படுகிறது. ஆக, கூட்டுகள் ஓயாமல் உருவாகின்றன, அகற்றும் வழியும் மெலிந்துபோகிறது.

சி4 ஐ ஆக்கும் மரபணுக்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சிலருக்கு நலமான நாளிலும் சி4 தாழ்வாகவே இருக்கும். எனவே உங்களுடைய இலக்கத்தை உங்களுடைய பழைய இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அச்சிட்ட எல்லையோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. சிறுநீர்ப் பரிசோதனையும் டிஎன்ஏக்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் கூடினால், சி3 என்ன சொன்னாலும், சிறுநீரைத்தான் நம்ப வேண்டும். லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்தை நலமான மாதங்களிலும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சிரங்குப் புண்ணுக்குச் சில வாரங்களின் பின் முகம் வீங்கி, தேயிலைச் சாய நிறத்தில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளிலும் சி3 குறையும். அங்கே சி4 பெரும்பாலும் குறையாது. அதுவும் எட்டு வாரமளவில் வழமைக்கு வர வேண்டும், வராவிட்டால் வேறு சிறுநீரக நோயைத் தேட வேண்டும். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் அன்றே அனுப்பிவையுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகி எழுதியது:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். அடுத்த போகத்துக்கும் வயலுக்குப் போவேன் என்கிறார் அப்பா. மறுபடி கடித்தால் அந்த மருந்தை ஏற்றலாமா? ஊரில் சிலர், இனி விஷகடி வைத்தியரிடமே போங்கள் என்கிறார்கள்.

வவுனியா மருத்துவன் எழுதியது:

ஏற்ற வேண்டிய நிலை வந்தால் ஏற்றத்தான் வேண்டும். புடையன் விஷம் குருதிப் பெருக்காலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் கொல்லும். இந்த எதிர்விளைவு குளிசைக்கு அடங்கும். முன்பு ஏற்றியதையும், அதன்பின் வந்த காய்ச்சலையும் தடிப்பையும் வாட்டில் முதலிலேயே சொல்லுங்கள். அப்போதுதான் ஒவ்வாமைக்கு அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். உடல் ஏற்கெனவே கற்றுக்கொண்டதால் இரண்டாம் முறை காய்ச்சல் ஒரு வாரத்துக்கு முன்னதாகவே, சில நாட்களிலேயே வரக்கூடும், அதையும் எதிர்பாருங்கள். இப்போதைய நோயறிதல் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அப்பாவின் அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். வயலுக்கு முழங்கால்வரை உயர்ந்த சப்பாத்து ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.