மேலத்தெரு வீடு: நிலாவின் வேலம்பாசி

(குடும்பக் குழு, சனிக்கிழமை பிற்பகல்)

நிலா: பெரியம்மா, ஒளிச்சேர்க்கை சோதனைக்காக மொட்டை மாடியில் வைத்த வேலம்பாசியில் குமிழ் வருவது நின்றுவிட்டது. காலையில் நிமிடத்துக்கு 24 எண்ணினேன். வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. திங்கட்கிழமை ரெக்கார்டு கொடுக்க வேண்டும்.

நிலா: (படம்)

அம்மா: தண்ணீர் கொதித்துப் போயிருக்கும். டம்ளரைத் தொட்டுப் பார்.

நிலா: இல்லை அம்மா, வாளித் தண்ணீருக்குள்தான் டம்ளர் நிற்கிறது. சூடே இல்லை.

விஜி பெரியம்மா: ஆப்ப சோடா போட்டாயா? தண்ணீரில் கரியமில வாயு குறைந்தாலும் குமிழ் குறையும்.

நிலா: தம்பியிடம் ஒரு சிட்டிகை போடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

கார்த்திக்: ரெண்டு ஸ்பூன் போட்டேன். நிறைய போட்டால் நிறைய வரும்னு நினைச்சேன்.

அம்மா: எந்த டப்பா கண்ணா?

கார்த்திக்: நீல மூடி.

அம்மா: அது தூள் உப்பு.

விஜி பெரியம்மா: யாரும் அவனைத் திட்ட வேண்டாம். நிலா, அதைக் கொட்டிவிடாதே. ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை உடனே நல்ல தண்ணீருக்கு மாற்று. கிள்ளிய துண்டிலிருந்து ஓர் இலையை நான் கொடுத்த ஃபோல்டுஸ்கோப்பில், அந்தக் காகித நுண்ணோக்கியில், வைத்துப் பார். வேலம்பாசி இலை இரண்டு செல் தடிமன்தான், வெட்டாமலே தெரியும்.

நிலா: பார்த்துவிட்டேன்! செங்கல் கட்டியதுபோல் சுவர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் உள்ளே இருக்கும் பச்சை மட்டும் சுவரை விட்டு விலகி, நடுவில் உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது.

விஜி பெரியம்மா: புத்தகத்தில் பிளாஸ்மா சிதைவு என்று படித்தாயே, இதுதான். செல் சுவரில் உப்பு நீர் தாராளமாகப் புகும். அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு அப்படி விடாது. தண்ணீர் போய் வரலாம், உப்பு சட்டென்று நுழைய முடியாது. வெளியே உப்பு கூடியதும் உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

பாட்டி: (குரல் பதிவு, 0:31) மாவடுவில் உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்குமே, நாம் ஒரு சொட்டு ஊற்றாமலே. வடுவும் தோல் சுருங்கிக் கிடக்கும். அதுவா இது?

விஜி பெரியம்மா: அதேதான் அம்மா.

தாத்தா: 2004 சுனாமிக்குப் பிறகு நம் வயலில் இதைத்தான் பார்த்தேன். மண்ணில் ஈரம் இருந்தது, பயிர் வாடியது. ஜிப்சம் போட்டு, மழை பெய்து உப்பு இறங்கின பிறகுதான் விளைந்தது.

விஜி பெரியம்மா: ஆமாம் அப்பா. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வேர் தண்ணீரை இழுக்க வேண்டிய இடத்தில் மண் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

மாமா: அப்படியானால் பிச்சாவரத்தில் அலையாத்தி எப்படி நிற்கிறது?

விஜி பெரியம்மா: வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடும். தப்பி உள்ளே போனதை வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை இலை வழியாகத் துப்பிவிடும். அடுத்த முறை படகில் போகும்போது அந்த இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

நிலா: பெரியம்மா, ஒரு சந்தேகம். தண்ணீர் கொஞ்சம் வெளியே போனது சரி. பச்சையம் உள்ளேதானே இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. குமிழ் ஏன் நிற்க வேண்டும்?

விஜி பெரியம்மா: இந்தக் கேள்விக்காகத்தான் 30 வருஷம் காத்திருந்தேன். பச்சையம் உணவு தயாரிக்கிறது என்று எல்லாரும் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். பச்சையத்தை மட்டும் ஸ்பிரிட்டில் வடித்துக் குப்பியில் வைத்து வெயிலில் காட்டு, ஒரு குமிழ் வராது. புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும், அவ்வளவுதான். வேலை நடக்க அதற்குச் சவ்வு வேண்டும்.

விஜி பெரியம்மா: செல்லுக்குள் நீ பார்த்த பச்சை, பசுங்கணிகம் என்ற சின்ன உறுப்புகள். பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்று தட்டையான பைகள் இருக்கின்றன. அந்தப் பையின் சவ்வில்தான் பச்சையம் பதிந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் தண்ணீர் பிளக்கிறது. நீ எண்ணிய குமிழ் அந்தத் தண்ணீரின் ஆக்சிஜன்தான், கரியமில வாயுவுடையது அல்ல. தண்ணீரிலிருந்து வந்த புரோட்டான்கள், அதாவது நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் துகள்கள், பைக்குள் தங்கும். வெளியிலிருந்தும் இன்னும் சில உள்ளே ஏற்றப்படும். சவ்வு அவற்றைத் திரும்ப விடாது, மேட்டூரில் தண்ணீரைத் தேக்கினதுபோல் உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கும். வெளியேற உள்ள வழி ஏடிபி சின்தேஸ் என்ற புரதம். செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்வது அதுதான். புரோட்டான் போகப் போக அது நிஜமாகவே சுழலும். பசலைக்கீரையில் 14 புரோட்டான் போனால் ஒரு முழுச் சுற்று, அதில் 3 ஏடிபி.

மாமா: சுழலுமா? செல்லுக்குள் மோட்டாரா?

விஜி பெரியம்மா: ஆமாம். 1961-இல் பீட்டர் மிட்செல், சவ்வின் இரு பக்கத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் ஏடிபி செய்கிறது என்று சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1966-இல் யாகென்டார்ஃப், உரிபே என்ற இருவர் தைலகாய்டுகளை இருட்டில், புரோட்டான் நிறைந்த பி.எச். 4 அமிலத்தில் ஊற வைத்தார்கள். பிறகு சட்டென்று புரோட்டான் குறைந்த பி.எச். 8 கரைசலுக்கு மாற்றினார்கள். வெளிச்சமே இல்லாமல் ஏடிபி உண்டானது! மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் தடவை இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலா: வெளிச்சம் இல்லாமலா! அப்படியானால் வெயிலின் வேலை சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டானைத் தேக்கித் தருவதா?

விஜி பெரியம்மா: ஏடிபி வரையில் அதுதான், கண்ணு. எலக்ட்ரானை ஏற்றி அனுப்புவதும் வெயில்தான், அது சர்க்கரை செய்யப் போகிறது. இப்போது உன் டம்ளருக்கு வா. செல்லைச் சுற்றி ஒரு சவ்வு, பசுங்கணிகத்தைச் சுற்றியும் சவ்வு. உப்பு இழுத்ததில் எல்லாமே சுருங்கிவிட்டது. சர்க்கரை செய்யும் நொதிகளுக்குப் போதிய தண்ணீர் இல்லை. அந்த வேலை தேங்கினால் முன்னால் தண்ணீரைப் பிளக்கிற வேலையும் தேங்கும். குமிழ் நிற்கும்.

நிலா: இதை ரெக்கார்டில் எழுதலாமா? மிஸ் குமிழ் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டார்கள்.

விஜி பெரியம்மா: எழுது. உப்பு விழுந்ததையும் எழுது, நேரத்தோடு.

(ஞாயிறு காலை)

நிலா: நல்ல தண்ணீரில் இருந்தது. 9:20-க்கு 6. 10:05-க்கு 11.

கார்த்திக்: இன்னொரு டம்ளரில் ஒரே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டேன். டப்பாவை அம்மா பார்த்தாங்க. அதில் 31!

தாத்தா: எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள்.